இறைப்பு மெஷினை நிற்பாட்டும் புரோகிராமுக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்கலாமா?

கிணற்றடி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் அச்சுவேலிப் பக்கம். வெங்காயம், மிளகாய். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் கதை தெரியும்தானே. சுண்ணக்கல்லுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதற்குக் கீழே கடல் தண்ணீர். நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால் மேலே மிதக்கிறது. மெஷினைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே கிடக்கும் சவர், அதாவது உப்புத் தண்ணீர், மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு தேற நாள் எடுக்கும்.

நானும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி செய்திருக்கிறோம். தண்ணீரின் மின்கடத்துதிறனை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும், உப்புக் கூடினால் அந்த எண் ஏறும். அந்த எண் ஏறும் வேகத்தைப் பார்த்து, சவர் வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று புரோகிராம் கணக்குப் போடும். வருவதற்கு முன்னாலேயே மெஷினை நிற்பாட்டிவிடும். எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். சென்சர் கடையில் வாங்கியது, போர்டும் கடையில் வாங்கியது. எங்களுடையது என்று சொன்னால் அந்தப் புரோகிராம் மட்டும்தான்.

கொழும்பில் தெரிந்த ஒருவர், “உடனே பேட்டன்ட் எடு, இல்லாவிட்டால் பெரிய கம்பனி ஒன்று தூக்கிக்கொண்டு போய்விடும்” என்கிறார். கூட்டாளிகளில் ஒருவன், “மென்பொருளுக்கு பேட்டன்ட் எடுக்கிறதும் வாய்ப்பாட்டுக்கு வாடகை கேட்கிறதும் ஒன்று” என்கிறான். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது.

வடலி

தம்பி, பெட்டி திறம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் உங்கள் கூட்டாளியின் பக்கம்.

கொக்குவிலில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் நான், பதினைந்து வருடமாகிறது. ஒரு நாளில் எழுதும் வரிகளில் எது யாருடைய பேட்டன்டை மிதிக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பதிப்புரிமை (கொப்பிரைட்) என்றால் பயமில்லை, மற்றவனுடையதைப் பார்த்து எழுதாதவரைக்கும் என்மேல் பிழை இல்லை. பேட்டன்ட் அப்படியில்லை. யாரையும் பார்க்காமல் என் அறைக்குள் இருந்து சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தாலும், எனக்கு முன்னால் இன்னொருவன் பதிந்துவைத்திருந்தால் குற்றவாளி நான்தான்.

ஜிஃப் படங்களின் கதையைக் கேளுங்கள். தரவைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ என்ற முறை 1984-இல் ஒரு கணினிச் சஞ்சிகையில் கட்டுரையாக வந்தது. எல்லாரும் படித்தார்கள், நல்ல முறை என்று எடுத்துப் பாவித்தார்கள். கம்பியூசேர்வ் என்ற கம்பனி 1987-இல் அதை வைத்துத்தான் ஜிஃப் வடிவத்தைச் செய்தது. அந்த முறைக்கு 1983-இலேயே விண்ணப்பம் போட்டு 1985-இல் பேட்டன்ட் கொடுத்தாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. உலகமெல்லாம் ஜிஃப் பரவிய பிறகு, 1994 கடைசியில், பேட்டன்டை வைத்திருந்த யுனிசிஸ் கம்பனி வந்து கட்டணம் கேட்டது. அந்த எரிச்சலில்தான் ஆட்கள் கூடி பிஎன்ஜி என்ற வடிவத்தைப் புதிதாகச் செய்தார்கள். அமெரிக்காவில் அந்த பேட்டன்ட் முடிந்தது 2003 ஜூனில். படத்தைச் சேமிக்க 20 வருடம் ஒருவனிடம் உத்தரவு கேட்க வேண்டுமா?

ஸ்காபரோவான்

வடலி, நீங்கள் சொன்ன கதை உண்மை. ஆனால் அது பாதிக் கதை.

அமெரிக்காவில் முதல் மென்பொருள் பேட்டன்ட் யாருக்குக் கிடைத்தது என்று தெரியுமா? மார்ட்டின் கெட்ஸ் என்பவருக்கு, 1968-இல். தரவை வரிசைப்படுத்தும் ஒரு முறைக்கு. அவர் இருந்தது ஒரு சின்னக் கம்பனியில். எதிரே நின்றது ஐபிஎம். அந்தக் காலத்தில் ஐபிஎம் மெஷினை வித்து மென்பொருளைச் சும்மா கொடுத்தது. நீ மாதக்கணக்கில் மினைக்கெட்டுச் செய்ததை அவன் பார்த்துத் தானும் செய்து இலவசமாகக் கொடுத்தால் உன் கடையைப் பூட்ட வேண்டியதுதான். பேட்டன்டை அவர் தேடிப்போனதே அந்தப் பயத்தால்.

பேட்டன்ட் எடுக்காமல் விட்டவர்களின் கதையையும் சொல்கிறேன். 1979-இல் விசிகால்க் வந்தது, தனிக் கணினிக்கான முதல் விரிதாள். பேட்டன்ட் எடுக்கவில்லை. 1983-இல் லோட்டஸ் கம்பனியின் விரிதாள் போட்டிக்கு வந்தது. 1985-இல் விசிகால்க் செய்தவர்களின் கம்பனியையே லோட்டஸ் வாங்கிவிட்டது. இன்றைக்கு விசிகால்க் என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிணற்றடித் தம்பி, பதிப்புரிமை நீர் எழுதிய வரிகளைத்தான் காக்கும், யோசனையைக் காக்காது. உம்முடைய பெட்டியை ஒருவன் வாங்கி, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, வேறு மொழியில் தானே எழுதி வித்தால் உம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எடும்.

பனங்கொட்டை

சீட்டுப் பிடிக்கிற முறைக்கும் எடுக்கலாமோ? எங்கள் மாமி கோடீஸ்வரி ஆகிவிடுவா.

சட்டப்புத்தகம்

மாமிக்கு வாய்ப்பில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 62ஆம் பிரிவைப் பாருங்கள். வியாபாரம் செய்யும் திட்டங்கள், விதிகள், முறைகளுக்கு ஆக்கவுரிமை இல்லை. கணித முறைகளுக்கு இல்லை. முற்றுமுழுதாக மனதுக்குள்ளேயே செய்யும் காரியங்களுக்கும் இல்லை.

சண்டையைத் தொடரும் முன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லை ஆட்கள் பேட்டன்டுக்கும் எழுதுகிறார்கள், கொப்பிரைட்டுக்கும் எழுதுகிறார்கள். பத்திரிகைகளிலும் அதே குழப்பம்தான். நான் பேட்டன்டை ஆக்கவுரிமை என்றும் மற்றதைப் பதிப்புரிமை என்றும் எழுதுகிறேன். ஆக்கவுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள், அதற்குமேல் 70 வருடம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு கணினிப் புரோகிராமைப் புத்தகம், கட்டுரைகளோடு ஒரே வரியில் வைத்துப் பதிப்புரிமை கொடுக்கிறது. அதற்கு எங்கேயும் போய்ப் பதியத் தேவையில்லை, கிணற்றடி. எழுதிய அன்றே அது உங்களுடையது.

இனி முக்கியமான இடம். 62ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலில் ‘கணினிப் புரோகிராம்’ என்ற பெயர் இல்லை. இந்தியச் சட்டத்தில் இருக்கிறது: 3(கே) பிரிவு, புரோகிராமை ‘புரோகிராம் என்ற அளவில்’ விலக்குகிறது. ஐரோப்பிய ஆக்கவுரிமை ஒப்பந்தத்திலும் 52ஆம் உறுப்புரையில் அதே மாதிரி இருக்கிறது. எங்கள் சட்டம் பேசாமல் விட்டிருக்கிறது. அந்த மௌனத்தை இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமாகத்தான் வாசிக்கும்.

வடலி

அக்கா, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தைக் காட்டி, ‘எல்லாத் தொழில்நுட்பத் துறைக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஆகவே மென்பொருளுக்கும் கொடுக்க வேண்டும்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியா?

சட்டப்புத்தகம்

27ஆம் உறுப்புரையில் அப்படி இருக்கிறது. அதே ஒப்பந்தத்தின் 10ஆம் உறுப்புரை புரோகிராமை இலக்கியப் படைப்பாகப் பாதுகாக்கச் சொல்கிறது. எது ‘கண்டுபிடிப்பு’ என்பதை ஒப்பந்தம் வரையறுக்கவே இல்லை. அதனால்தான் இந்தியாவும் அமெரிக்காவும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெவ்வேறு பாதையில் போகின்றன.

ஓய்வு_வாத்தியார்

பிள்ளைகளே, நான் சட்டம் படித்தவனில்லை, முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். பேரன் இதைக் காட்டினான். ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன்.

53 என்ற எண்ணை எடுங்கள். கணினியில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ஐந்தையும் மூன்றையும் தனித்தனியே துவிதத்தில் எழுதினால் 0101 0011. முழு எண்ணாகவே துவிதத்தில் எழுதினால் 110101. முதலாவதை இரண்டாவதாக மாற்றும் வழி ஒன்றை இரண்டு பேர் கண்டுபிடித்து, அதற்கு உரிமை கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1972-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சூத்திரத்துக்குக் கணினியை விட்டால் வேறு பாவனையே இல்லை, உரிமை கொடுத்தால் சூத்திரத்தையே கொடுத்தது போலாகிவிடும் என்றது.

என்னுடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த பெடியன் பென்சிலால் அதே மாற்றத்தைச் செய்வான். அவன் குற்றவாளியா? கணக்கைப் பென்சிலால் போட்டால் கணக்கு, மெஷினால் போட்டால் சொத்து என்பது எனக்கு விளங்கவில்லை.

ஸ்காபரோவான்

வாத்தியார், வணக்கம். உங்களை மறுத்துக் கதைக்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதே நீதிமன்றம் ஒன்பது வருடம் கழித்துச் சொன்னதையும் பாருங்கள்.

1981-இல் டியர் வழக்கு. ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்கும் வேலை. எப்போது அச்சைத் திறப்பது என்பதுதான் சிக்கல். முந்தினால் வேகாது, பிந்தினால் கருகும். வெப்பநிலையை வைத்து வேகும் நேரத்தைக் கணிக்கும் அரேனியஸ் சமன்பாடு பழையது, எல்லாருக்கும் தெரிந்தது. இவர்கள் அச்சுக்குள்ளிருக்கும் வெப்பநிலையை விடாமல் அளந்து, கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, சரியான நொடியில் அச்சைத் திறக்கும்படி செய்தார்கள். நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து, உரிமை கொடுக்கலாம் என்றது. சமன்பாட்டுக்கு உரிமை கேட்கவில்லை, ரப்பர் வேகவைக்கும் முறைக்குத்தான் கேட்கிறார்கள் என்று.

இப்போது கிணற்றடியின் பெட்டியைப் பாருங்கள். வெப்பநிலைக்குப் பதில் மின்கடத்துதிறன். ரப்பர் அச்சுக்குப் பதில் இறைப்பு மெஷின். அச்சு அசல் அதே சங்கதி.

வடலி

ஐந்துக்கு நான்கு. ஒருவர் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் நீங்கள் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

டியர் வழக்கைக் காட்டிக்கொண்டு பின்னால் எது எதெல்லாம் நுழைந்தது என்று பாருங்கள். அமேசனின் ‘ஒரே சொடுக்கில் வாங்கு’ பொத்தான். வாடிக்கையாளரின் முகவரியையும் அட்டை எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்காமல் சாமானை அனுப்புவது. எங்கள் சந்திக் கடைக்காரர் அதைக் கடன் கொப்பியில் எத்தனை வருடமாகச் செய்கிறார்? “வழக்கமான சாமான்தானே” என்று கேட்டுவிட்டுக் கட்டிக் கொடுப்பார். அதற்கு 1999-இல் பேட்டன்ட் கொடுத்தார்கள், அதே வருடம் இன்னொரு புத்தகக் கம்பனி மேல் வழக்குப் போட்டார்கள். 2017 வரைக்கும் அது உயிரோடு இருந்தது.

ஸ்காபரோவான், நீங்கள் கனடாவில் இருக்கிறீர்கள், பிளாக்பெரி போனின் கதை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வோட்டர்லூவில் இருந்த கம்பனி. என்டிபி என்று ஒரு கூட்டம், ஒரு போன்கூடச் செய்யாத கூட்டம், கையில் பேட்டன்ட் கடதாசி மட்டும். அந்தப் பேட்டன்டுகள் செல்லாது என்று பேட்டன்ட் அலுவலகமே மறுபரிசீலனையில் சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தும் சேவை நின்றுவிடும் என்ற பயத்தில் 2006-இல் 61 கோடி 25 இலட்சம் டொலர் கொடுத்துத்தான் தப்பினார்கள்.

எனக்கே நடந்ததையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கடல் தாண்டி இருக்கும் ஒரு வாடிக்கையாளர். எட்டு மாத வேலை. ஏதோ ஒரு சட்டத்தரணியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது, உங்கள் தேடல் பெட்டி எங்கள் உரிமையை மீறுகிறது என்று. அவர் வாதாடவில்லை, திட்டத்தையே மூடிவிட்டார். எங்கள் ஒப்பந்தத்தில், இப்படி ஏதும் வந்தால் இழப்பு என் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. சின்ன எழுத்தில். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் அதோடு போனது. இங்கே இருந்து எழுதுகிற பெடியங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அமெரிக்க பேட்டன்ட் யாழ்ப்பாணத்தில் செல்லாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் புரோகிராம் ஓடுவது யாழ்ப்பாணத்தில் இல்லையே.

பனங்கொட்டை

கடைக்காரரின் கடன் கொப்பியை முன்னமே பதிந்திருந்தால் அமேசன் எங்களுக்குக் காசு கட்டியிருக்கும். சந்தர்ப்பத்தை விட்டுவிட்டோம்.

ஸ்காபரோவான்

அப்படி ஒரு அனுபவம் யாருக்கும் வரக்கூடாது. அதில் உங்களோடு சண்டை இல்லை.

ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் மட்டமான பேட்டன்டுகள், மட்டமான வழக்குகள். அதற்காக நல்லதையும் சேர்த்துக் கொளுத்துவதா? தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கூகிளின் பேஜ்ராங்க் முறையின் பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. உரிமத்துக்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் பங்குகள் வாங்கி, பிறகு 33 கோடி டொலருக்கு மேல் வித்தது. நாளைக்கு யாழ் பல்கலைக்கழகத்தில், கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு பிள்ளை அப்படி ஒன்றைச் செய்தால், அதைச் சும்மா இணையத்தில் போட்டுவிடு என்றா சொல்வீர்கள்?

குப்பையைக் கழிக்கவும் வழி வந்துவிட்டது. 2014-இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பழைய யோசனை ஒன்றை எடுத்து ‘கணினியில் செய்’ என்று எழுதினால் அது கண்டுபிடிப்பு ஆகாது. உங்கள் கடன் கொப்பிப் பேட்டன்ட் இன்றைக்குப் போனால் நிற்பது கஷ்டம்.

வடலி

‘நிற்பது கஷ்டம்’ என்று தீர்ப்பு வாங்க யார் காசு கட்டுவது? வழக்கில் வெல்ல இலட்சக்கணக்கான டொலர் வேண்டும். தோற்பதற்கும் அதே காசு. காசுள்ளவனுக்குத்தான் அந்தக் கதவு.

விசிகால்க்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், மறந்துபோனேன். அவர்கள் பேட்டன்ட் எடுத்திருந்தால் லோட்டஸ் வந்திருக்காது, சரி. எக்செல்லும் 90கள் வரைக்கும் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கும். யாழ்ப்பாணத்தில் எந்தச் சங்கக்கடைக் கணக்குப்பிள்ளை விரிதாள் பழகியிருப்பார்? ஐரோப்பாவில் மென்பொருள் பேட்டன்டை வழிக்குக் கொண்டுவரப் போட்ட சட்ட வரைபை 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 648க்கு 14 என்று தூக்கி எறிந்தது. நியூசிலாந்து 2013-இல் புரோகிராமை விலக்கியே சட்டம் எழுதியது. அங்கெல்லாம் மென்பொருள் செத்துப்போகவில்லையே.

சட்டப்புத்தகம்

648 சரி. ஆனால் அன்று எதிர்த்து வாக்களித்தவர்களில் இரண்டு தரப்பும் இருந்தது, வடலி. வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள், ‘இந்தத் திருத்தங்களோடு வருவதைவிட வராமலே இருக்கட்டும்’ என்ற பெரிய கம்பனிகளின் பக்கமும் இருந்தது. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் அதற்குப் பிறகும் ‘தொழில்நுட்ப விளைவு’ உள்ள புரோகிராம்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2019-இல் அதே விளைவைப் பார்க்கச் சொன்னது.

என் கணிப்பு இதுதான். வடலி சொல்லும் ஆபத்து உண்மை, ஆனால் அது எல்லை பிழையாகப் போட்ட உரிமைகளால் வருகிறது. ‘உப்பு ஏறும் வேகத்தைக் கணிக்கும் முறை’ என்று கேட்டால் நான் எதிர்ப்பேன், அது கணக்கு. ‘கிணற்றில் இந்த இடத்தில் உணரியை வைத்து, இப்படிக் கணித்து, மெஷினை நிற்பாட்டும் ஏற்பாடு’ என்று கேட்டால் கொடுக்கலாம். வேலி கிணற்றைச் சுற்றித்தான் இருக்கிறது, அடுத்த வளவுக்குள் போகவில்லை.

கிணற்றடி, இரண்டு கேள்வி. ஒன்று, இதை யாருக்காவது காட்டினீர்களா? மற்றது, இந்த வேலையை இதற்கு முன் வேறு எப்படிச் செய்தார்கள்?

கிணற்றடி

அக்கா, முதல் கேள்விக்குப் பதில் எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன மாசியில் ஒரு வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டோம். பெட்டியைத் திறந்து, வரைபடத்தையும் காட்டி, எப்படிக் கணிக்கிறது என்று கூட்டாளி விளக்கமாகச் சொல்கிறான். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

இரண்டாவது, அப்பா. அவர் வாய்க்காலில் கையை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். “சவர் தட்டுது, நிற்பாட்டு” என்பார். அப்பப்பாவும் அப்படித்தானாம். பெட்டி செய்த பிறகு ஒருநாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எண் ஏறத் தொடங்கும்போது அப்பாவுக்கு இன்னும் ருசி தெரியவில்லை. ஆனால் அவர் நாக்கை மட்டும் நம்புவதில்லை. “மாசி, பங்குனியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடாதே, மாரி முடிந்த கையோடு என்றால் இரண்டு போடலாம்” என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எங்கள் புரோகிராமில் முதலில் போட்ட எண்கள் அவர் சொன்னவைதான்.

ஓய்வு_வாத்தியார்

தம்பி, அப்பாவை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளும்.

சட்டப்புத்தகம்

வாத்தியார் சிரிக்கிறார், ஆனால் சட்டத்தில் இது விளையாட்டு இல்லை. கண்டுபிடிப்பு புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது பளிச்சென்று தோன்றக்கூடியதாகவும் இருக்கக்கூடாது. இங்கே அந்தத் துறைதேர்ந்தவர் உங்கள் அப்பாதான். உப்பு வருமுன் நிற்பாட்டும் யோசனை அவருடையது. எண் ஏறும் வேகத்தை வைத்து நிமிடக் கணக்கில் முன்கூட்டிச் சொல்வது உங்களுடையது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நீங்கள் கேட்கக்கூடியது, அதற்கு மேல் ஓர் அடிகூட இல்லை. அப்பாவின் நாக்கைத் தடுக்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள்.

வீடியோதான் பெரிய பிழை. ஐரோப்பாவில் விண்ணப்பத்துக்கு ஒருநாள் முன்னால் வெளியிட்டாலும் புதுமை போய்விடும். அங்கே உங்கள் கதை முடிந்தது. அமெரிக்காவில் சொந்தமாக வெளியிட்டவருக்கு ஒரு வருடத் தவணை உண்டு. வீடியோ போட்ட சரியான திகதியைப் பாருங்கள். கொழும்பில் புலமைச் சொத்து அலுவலகத்துக்கு வரைபு கொண்டுபோகும்போது அந்தத் திகதியை மறைக்காதீர்கள். இங்கே விண்ணப்பித்தால் மற்ற நாடுகளில் போட 12 மாதம் முன்னுரிமை கிடைக்கும், சர்வதேச வழியில் போனால் முதல் திகதியிலிருந்து 30 மாதம் வரை முடிவைத் தள்ளிப்போடலாம்.

வடலி

வீடியோவுக்காக வெட்கப்பட வேண்டாம் தம்பி. நீங்கள் செய்ததிலேயே புத்தியான காரியம் அதுதான். வெளியில் திகதியோடு போட்டுவிட்டீர்கள், இனி வேறு ஒருவன் வந்து அதையே தன்னுடையது என்று பதிய முடியாது. பயந்தது அதற்குத்தானே?

ஸ்காபரோவான்

பதிய முடியாது, சரி. செய்து விற்க முடியுமே! வடலி, நீங்கள் திருடனுக்குப் பூட்டைக் காட்டிவிட்டு, திறப்பு இவனிடம்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறீர்கள்.

வடலி

விற்கட்டும். அச்சுவேலிக் கிணற்றின் எண்கள் அவனிடம் இல்லை. புத்தூருக்கு வேறு, நாவற்குழிக்கு வேறு. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு போகம் நின்று அளக்க அவன் வரப்போவதில்லை.

கிணற்றடி

வீடியோ போட்டது மாசி 18. இப்போது மார்கழி. அமெரிக்காவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவில் எங்களுக்கு ஒரு கிணறும் இல்லை. கூட்டாளிகளோடு ஞாயிறு கதைக்கிறோம். கொழும்பு விண்ணப்பம் மட்டும், அதுவும் அக்கா சொன்ன மாதிரிக் கிணற்றைச் சுற்றி மட்டும் போடலாமா என்று ஒருவன் கேட்கிறான். மற்றவன் இன்னும் அசையவில்லை.

வடலி அண்ணை, புத்தூர்ப் பக்கம் பெட்டியை வைத்துப் பார்க்க இரண்டு கிணறு வேண்டும். உங்களுக்குத் தெரிந்த தோட்டக்காரர் யாரும் இருக்கிறார்களா?

பனங்கொட்டை

மாமியின் வளவில் ஒரு கிணறு இருக்கிறது. சீட்டுக் காசு கட்டினால் விடுவா.